பந்து எங்கே, மாஸ்ரர்?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, உதைபந்தாட்டத்தை வைத்து இங்கிலாந்தில் எழுதப்பட்டு, மேடையிலிருந்து ரிவிக்கும் போன ஒரு நாடகத்தைப் பற்றி இரண்டு வரி சேர்த்துவிட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களால் மேசை லாச்சி மூட மாட்டேன் என்கிறது. ஆகவே இந்த முறை வேறு கேள்வி எடுக்கவில்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: நான் கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பித்தவன், சனி ஞாயிறுகளில் விசிலோடு மைதானத்தில் ஓடியவன். இரண்டு இடத்திலும் வேண்டிய அளவு திட்டு வாங்கியிருக்கிறேன்.

கேள்வி: அந்த நாடகத்தின் பெயர், கதை, நடித்தவர்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.
— வாசகர், மாங்குளம்

பெயர் 'அன் ஈவ்னிங் வித் கேரி லினேக்கர்'. இங்கிலாந்து அணியின் கோலடிக்கும் வீரர் லினேக்கரோடு ஒரு பின்னேரம். ஆர்தர் ஸ்மித், கிறிஸ் இங்லண்ட் என்ற இருவர் சேர்ந்து எழுதியது. 1991 இல் எடின்பரோ விழாவில் ஏறி, பிறகு லண்டன் மேடைக்குப் போனது. 1994 இல் ஐரிவி என்ற பிரித்தானிய நிறுவனம் அதைத் தொலைக்காட்சிக்கு எடுத்தது. அந்த வருட உலகக் கிண்ணம் அமெரிக்காவில். இங்கிலாந்து தகுதியே பெறவில்லை. சொந்த அணி இல்லாத வருடத்தில் பழைய தோல்வியை எடுத்துத் தூசு தட்டிப் பார்ப்பதுதானே மிச்சம்.

கதை 1990 உலகக் கிண்ண அரையிறுதி இரவில் நடக்கிறது. ஸ்பெயினின் தீவு ஒன்றுக்கு விடுமுறைக்குப் போன ஒரு கணவன், மனைவி. அவனுக்குக் கண் முழுக்க ரிவியில். அவளுக்கு, இந்தக் கலியாணம் இனி ஓடுமா ஓடாதா என்ற யோசனை. கணவனின் கூட்டாளி ஒருவன், வந்து சேரும் இன்னொருவன், போதாக்குறைக்கு ஒரு ஜெர்மன்காரப் பெண். அன்றைக்கு எதிரணியே மேற்கு ஜெர்மனிதான். ரிவியில் ஓர் ஆட்டம், அறைக்குள் ஓர் ஆட்டம்.

தொலைக்காட்சியில் கணவன் கிளைவ் ஓவன், மனைவி கரோலின் குவென்டின். கூட போல் மேர்ட்டன், மார்ட்டின் குளூன்ஸ், ஜெர்மன் பெண்ணாக லிசி மெக்கினெர்னி. இதில் ஒரு வேடிக்கை: அந்த நாட்களில் குவென்டினும் மேர்ட்டனும் நிஜத்தில் புருசன் பெண்சாதி. நாடகத்தில் அவர் வேறொருவன் மனைவியாக நிற்க, சொந்தப் புருசன் பக்கத்தில் கூட்டாளியாக நின்று பகிடி விடுகிறார். முள்ளியவளையில் இப்படி ஒரு கூத்துப் போட்டிருந்தால் ஊர் பிரதியை விட்டுவிட்டு இதைத்தான் கதைத்திருக்கும்.

நான் பார்த்தது 2003 இல். ஏ9 பாதை 2002 இல் திறந்த பிறகு லண்டனிலிருந்து வந்த மருமகன் ஒரு பழைய வீடியோ கசற் கொண்டுவந்தான். விளம்பரம் எல்லாம் அப்படியே இடையில் ஓடும் கசற். எங்களிடம் கறண்ட் ஏது? ஜெனரேற்றரை வாடகைக்கு எடுத்து, 14 அங்குல ரிவியைச் சாக்குக் கட்டிலில் வைத்துப் பார்த்தோம். என் பெண்சாதிக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. ஆனாலும் பாதியிலேயே, "இவள் இவனை விடப்போறாள்" என்று சொல்லிவிட்டா.

கேள்வி: சேர், அந்த அரையிறுதியை நீங்கள் அப்போதே பார்த்தீர்களா? அப்பா சொல்கிறார் அந்த நேரம் இங்கே ரிவியே இல்லை என்று.
— பத்தாம் வகுப்பு மாணவி, கொக்காவிலுக்குக் கிட்ட

அப்பா சொல்வது கிட்டத்தட்டச் சரி, பிள்ளை. நீ இருக்கும் இடத்தை வைத்தே சொல்கிறேன்.

உன் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் கோபுரம் 2011 இல் திறந்தது, 174 மீற்றர். அதற்கு முன்னும் கொக்காவிலில் ரூபவாஹினியின் ஒளிபரப்பு நிலையம் இருந்தது. அன்ரனாவை அந்தப் பக்கம் திருப்பிக் கட்டினால் எங்கள் ஊர்களில் படம் தெளியும். காற்றடித்தால் யாராவது கூரையில் ஏறித் திரும்பத் திருப்ப வேண்டும். 1990 ஜூன் மாதம் சண்டை மறுபடி தொடங்கியது. ஜூலை 11 அன்று அங்கிருந்த இராணுவ முகாம் விழுந்தது. ஆட்டம் நடந்தது ஜூலை 4. நடுவில் ஒரு கிழமை. அந்தக் கிழமையில் ரிவி பார்க்கிற மனநிலை யாருக்கு இருந்தது?

நான் அப்போது ஒட்டுசுட்டானில் அக்கா வீட்டில். ஆட்டம் இத்தாலியின் ரூறின் நகரில் இரவு எட்டு மணிக்கு. எங்களுக்கு இரவு பதினொன்றரை. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க விளக்கை நூத்தாச்சு. வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது, பற்றரி இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் போட்டு, பின் சில்லை மிதித்துச் சுற்ற, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர். பிறகு வருடக்கணக்காக எங்கள் எல்லாருக்கும் பழகிப்போன ஏற்பாடுதான். அன்றைக்கு எனக்கு அது புதிது.

சிற்றலையில் ஓர் ஆங்கில நிலையம் பிடிபட்டது. மிதிக்கிற வேலை அக்காவின் மகனுக்கு, அவனுக்குப் பதினாலு வயது. வேகமாக மிதித்தால் குரல் தெளிவாக வரும்; களைத்தால் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். நான் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொல்ல, சுற்றிவர ஆறேழு பேர். ஜெர்மனியின் பிறேமே அடித்த உதை இங்கிலாந்துக்காரன் பார்க்கரில் பட்டு உயர்ந்து, கீப்பர் ஷில்டனின் தலைக்கு மேலால் உள்ளே போனதைச் சொல்ல எனக்கே சொல் வரவில்லை. எண்பதாவது நிமிடம் லினேக்கர் சமப்படுத்தினார். பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குச் சத்தம் போட்டுவிட்டு, பிறகு பயந்து வாயைப் பொத்தினோம். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்கிற நாட்கள் அவை.

மேலதிக நேரமும் முடிந்து தண்ட உதைக்கு வந்தது. ஏற்கெனவே பியர்ஸ் அடித்ததை ஜெர்மன் கீப்பர் காலால் தடுத்தாச்சு. கடைசியாக வாடில் பந்தை வைக்கிறார். "இவன் விட்டால் முடிஞ்சுது" என்று நான் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், ரேடியோ செத்துப்போச்சு.

பார்த்தால் பெடியன் மிதிப்பதை நிறுத்திவிட்டான். வேண்டுமென்று இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததில் கால் தானாக நின்றுவிட்டது. "மிதியடா!" என்று ஆறு பேர் கத்த, அவன் பதறி மிதிக்க, குரல் மெல்ல மெல்ல மேலே வந்தது. என்ன நடந்தது என்று அறிவிப்பாளர் அப்போது சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த ஆளின் குரலே செத்தவீட்டுக் குரலாக இருந்தது. வாடில் பந்தைக் கம்பத்துக்கு மேலால் அடித்துவிட்டார் என்பது பிறகுதான் விளங்கியது. நான்குக்கு மூன்று.

அங்கே அவர்கள் உதைத்தார்கள், இங்கே நாங்கள் மிதித்தோம். இரண்டு பேரும் கடைசி நேரத்தில் கோட்டை விட்டோம்.

கேள்வி: லினேக்கர் அவ்வளவு பெரிய ஆளா, பெயரை நாடகத்துக்கு வைக்கிற அளவுக்கு?
— வாசகர், துணுக்காய்

1986 உலகக் கிண்ணத்தில் ஆறு கோல் அடித்து முதலிடம். ஆனால் மத்தியஸ்தராக நான் கும்பிடுவது வேறு காரணத்துக்கு: ஆடிய காலம் முழுக்க ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்காத மனிதர். எங்கள் பக்கத்தில் நாணயம் சுண்ட முதலே இரண்டு பேருக்கு அட்டை காட்டிய அனுபவம் எனக்குண்டு.

கேள்வி: மேடையில் இருந்ததை ரிவிக்கு எடுக்கும்போது என்ன மாறுகிறது? ஒரே வசனம்தானே?
— நாடக ஆர்வலர், வவுனியா

வசனம் ஒன்றுதான். பார்க்கிறவன் உட்காரும் தூரம் மாறிவிடுகிறது. மேடையில் நடிகன் கடைசி வாங்கில் இருக்கும் கிழவிக்கும் கேட்கப் பேச வேண்டும். கமராவுக்கு முன் அதே குரலை எடுத்தால் சண்டைக்கு வந்தவன் மாதிரி இருக்கும். அங்கே கண் இமை அசைந்தாலே அது ஒரு வசனம்.

அந்த அரையிறுதியையே எடுங்கள். இங்கிலாந்து வீரர் கஸ்கோயினுக்கு மஞ்சள் அட்டை விழுந்தது. இறுதிப்போட்டிக்குப் போனாலும் அவர் ஆட முடியாது. அழுகை முட்டிக்கொண்டு வந்த அந்த முகத்தைக் கமரா பிடித்தது. லினேக்கர் பயிற்றுநர் பக்கம் திரும்பி, இவனைக் கவனியுங்கள் என்று கண்ணைக் காட்டிச் சைகை செய்ததையும் பிடித்தது. இன்றைக்கு அந்த இரவென்றால் இங்கிலாந்துக்காரருக்கு நினைவு வருவது கோலுக்கு முதல் அந்த முகம்தான். ரேடியோவில் கேட்ட எங்களுக்கு அந்த அழுகை இல்லவே இல்லை. பல வருடம் கழித்துத்தான் அப்படி ஒன்று நடந்தது என்றே தெரியும்.

அதனால்தான் அந்த நாடகம் ரிவிக்குச் சுலபமாகப் பொருந்தியது என்று நினைக்கிறேன். பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகங்களின் கதை அது. நடிகர்களும் அதற்கு ஏற்றவர்கள். மேர்ட்டன் மேடையில் நின்ற நிலையில் பகிடி கட்டுகிறவர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். குளூன்ஸும் குவென்டினும் ஏற்கெனவே ஒரு நகைச்சுவைத் தொடரில் சேர்ந்து நடித்துக்கொண்டிருந்தவர்கள், ஒருவர் மூச்சு விடும் இடம் மற்றவருக்குத் தெரியும்.

ஓவனைப் பற்றி இன்னொன்று. 'குளோசர்' என்று ஒரு நாடகம், 1997 இல் மேடையேறியது. அதில் அவர் ஒரு பாத்திரம். 2004 இல் அது படமானபோது அதே கதையில் மற்றப் பாத்திரம், எதிராளி. ஒரே வீட்டுக்கு முதலில் மாப்பிள்ளையாகவும் பிறகு மச்சானாகவும் போவது மாதிரி. கூத்தில் இதை நாங்கள் புதினமாக எடுப்பதில்லை. இளமையில் கோவலன் ஆடியவர் வயது போனபின் பாண்டியன் ஆடுவார்.

கேள்வி: இப்போது இப்படிப் புதிய நாடகம் ஏதும் உண்டா, அண்ணை?
— உதைபந்தாட்ட வீரர், முல்லைத்தீவு

உண்டு, தம்பி. 'டியர் இங்லண்ட்', ஜேம்ஸ் கிரஹாம் எழுதியது, 2023 இல் லண்டன் நஷனல் தியேட்டரில். இங்கிலாந்து அணிக்குப் பயிற்றுநராக இருந்த கரெத் சவுத்கேற் பற்றியது. 1996 இல் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில், அதுவும் ஜெர்மனிக்கு எதிராகத்தான், தண்ட உதையைத் தவறவிட்டவர் அவர். பிறகு அவரே அணிக்குப் பயிற்றுநராகி, பெடியன்களுக்குப் பயத்தைக் கதைத்துத் தீர்க்கப் பழக்குகிறார். 2018 இல் கொலம்பியாவைத் தண்ட உதையில் வென்றார்கள்; 2021 இல் வெம்பிளியில் இத்தாலியிடம் தண்ட உதையிலேயே ஐரோப்பியக் கிண்ணத்தை விட்டார்கள். சவுத்கேற்றாக ஜோசப் ஃபியன்ஸ். அணி வீரர் ஹரி கேனாக நடித்த வில் குளோஸ் என்ற இளைஞருக்கு 2024 இல் துணைநடிகருக்கான ஒலிவியர் விருது, லண்டன் மேடை நாடகங்களுக்குக் கொடுப்பது. நாடகத்துக்கும் புதிய நாடக விருது கிடைத்தது. பிபிசி அதை நாலு பகுதித் தொடராக எடுத்தபோதும் ஃபியன்ஸே சவுத்கேற். மேடையில் ஆடியவரையே கமராவுக்கும் கொண்டுபோனது நல்ல காரியம். ஏன் என்று அடுத்த பதிலில் விளங்கும்.

கேள்வி: உங்கள் சொந்த உதைபந்தாட்ட நாடகத்தையும் ஒரு ரிவிக்காரர் எடுத்ததாகக் கேள்வி. நாங்கள் பார்த்ததாக நினைவில்லையே?
— ஆசிரியை, கிளிநொச்சி

நினைவிராது, தங்கச்சி. பார்த்தவர்களுக்கே நினைவில்லை.

2013 இல், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் ஓர் ஊரில் போட்டோம். இரண்டு உழவு மெசின் பெட்டிகளைப் பக்கம் பக்கமாக விட்டு, பலகை அடித்து மேடை. கதை மேலே சொன்ன சைக்கிள் இரவுதான், கொஞ்சம் கூட்டிக் குறைத்து. மேடையில் ஒரு சைக்கிள், ஒரு ரேடியோ, எட்டுப் பேர். பந்து கிடையாது.

ரேடியோ சொல்லும் ஆட்டத்தைக் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்று யோசித்தேன். ஊரில் ஒரு அண்ணாவியார் இருந்தார். எழுபது தாண்டியவர், கோவலன் கூத்தில் ஊறியவர், உதைபந்தாட்ட விதி ஒன்றும் தெரியாது. "மத்தியஸ்தர் வேசம் கட்டுங்கோ, அப்பு" என்று கேட்டேன். கறுப்புக் காற்சட்டை போட மாட்டேன் என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விசிலை மட்டும் வாங்கினார். தண்ட உதைக் காட்சியில் ஒவ்வொரு உதைக்கும் ஒரு தாளக்கட்டு வைத்தார். மத்தளம் அடிக்க, பின்னுக்குப் போய், முன்னுக்கு வந்து, காலைத் தூக்குவார். அந்தக் காலைப் பார்த்தால் இல்லாத பந்து தெரியும். வாடில் உதைக்கு மட்டும் தூக்கின கால் தூக்கினபடியே நிற்கும். அதே நேரம் சைக்கிளில் மிதிக்கிற பெடியனின் காலும் நிற்கும். மத்தளமும் நிற்கும். சபையில் ஒரு குழந்தை அழுதது மட்டும் கேட்டது. நான் முப்பது வருடம் படிப்பித்து ஒருநாளும் எடுக்காத மௌனத்தை அந்த மனிசன் ஒற்றைக் காலில் நின்று எடுத்தார்.

இதைக் கேள்விப்பட்டு ஒரு தொலைக்காட்சிக்காரர் வந்தார்கள். பெயர் வேண்டாம். மரியாதையான பெடியன்கள்தான், மதியம் எங்களோடு இருந்து மரை வத்தலும் சோறும் சாப்பிட்டார்கள். ஒரு மணித்தியால நாடகத்தை இருபது நிமிடமாக வெட்டினார்கள். அதுகூடப் பரவாயில்லை. இயக்குநர் தம்பி கேட்ட முதல் கேள்வி: "பந்து எங்கே, மாஸ்ரர்? பந்து இல்லாமல் எப்படி உதைபந்தாட்ட நாடகம்?" இல்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவர், வெட்டி ஒட்டும்போது எங்கேயோ எடுத்த ஆட்டக் காட்சிகளை இடையில் செருகிவிட்டார். 1990 இரவுக் கதைக்குள் புது நிற ஜேர்சி போட்டவர்கள் ஓடுகிறார்கள், பட்டப்பகலில்.

நடிகர்களும் குழம்பிப்போனார்கள். மேடையில் சிங்கம் மாதிரி நின்ற பெடியன் கமராவைக் கண்டதும் அதையே பார்த்தான். "ரேடியோவைப் பார்" என்றால் ரேடியோவைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கமராவைப் பார்ப்பான். அவனில் பிழை சொல்ல மாட்டேன். வட்டக்களரியில் ஆடிப் பழகினவனுக்கு எந்தப் பக்கம் சபை இருக்கிறதோ அந்தப் பக்கம் முகம் தானாகத் திரும்பும். அன்றைக்குச் சபை அந்த ஒற்றைக் கண்ணாடிதான். மீன் விற்கும் ஒரு அக்கா, வீட்டுக்காரியாக நடித்தவ, அவ மட்டும் ஒன்றையும் கவனிக்கவில்லை. கமராக்காரனை "தம்பி, அங்கால நில்லும்" என்று நாடகத்துக்கு உள்ளேயே வசனமாகச் சொல்லித் தள்ளிவிட்டா. முழு நிகழ்ச்சியிலும் உயிரோடு இருந்த இடம் அதுதான். அதையும் வெட்டிப்போட்டார்கள்.

ஒளிபரப்பான அன்று ஊரில் கறண்ட் இல்லை. இரண்டு கிழமை கழித்து யாரோ போனில் பதிந்து கொண்டுவந்ததை அண்ணாவியாருக்குக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். தண்ட உதைக் காட்சி முழுக்க அவருடைய முகம்: வியர்வை, நரைத் தாடி, விசில். நல்ல படம்தான், பழுது சொல்ல முடியாது. முடிந்ததும் போனைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாஞ் சரி மாஸ்ரர், என்ர காலைக் காட்டேல்லையே?"

எனக்குப் பதில் வரவில்லை. உதைபந்தாட்ட நாடகம், அதைக் கூத்துக்காரன் ஆடுகிறான், படத்தில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை! முகம் போதும் என்று லண்டன் நாடகத்தைப் பார்த்து நானே நம்பியிருந்தேன். அது அவர்களுடைய நாடகத்துக்குப் போதும். அங்கே எல்லாரும் கதிரையில் இருந்து பார்க்கிறவர்கள். எங்களுடையது காலில் நிற்கிறது. அதை அந்தத் தம்பிக்கு முதலே சொல்லிக் கொடுக்காதது என் பிழை. அவருக்குச் சோறு போட்டேன், பிரதியும் கொடுத்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

கேள்வி: ஆம்பிளைகள் பந்து பார்க்கிற கதையில் பெண்களுக்கு என்ன வேலை? தேநீர் ஊற்றுவதா?
— வாசகி, மல்லாவி

லண்டன் நாடகத்தில் மனைவியை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு ரிவிப் பெட்டியும் நாலு பியர்ப் போத்தலும். எங்கள் நாடகத்தில் சைக்கிள் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? அக்காவுடையது. காலையில் அதில்தான் அவ வேலைக்குப் போக வேண்டும். "ரயர் தேஞ்சால் ஆர் வாங்கித் தாறது?" என்பதுதான் நாடகத்தின் முதல் வசனம்.

கேள்வி: சேர், தமிழ்த்தினப் போட்டிக்கு நாங்களும் ஓர் உதைபந்தாட்ட நாடகம் பழகுகிறோம். ஏதாவது சொல்லுங்கள்.
— மாணவர் குழு, ஒட்டுசுட்டான்

பந்தை மேடைக்குக் கொண்டுவராதீர்கள். ஒருமுறை உருண்டு போட்டி நடுவர்களின் மேசைக்கடியில் போனால் நாடகம் அதோடு போச்சு. வீட்டில் ஆட்டம் ஓடும்போது அப்பா, மாமா, தம்பி எல்லாருடைய காலையும் பார்த்து வாருங்கள்: கதிரையில் இருந்துகொண்டே யார் யார் உதைக்கிறார்கள் என்று. அதிலிருந்து பழகத் தொடங்கலாம். போனில் பதிவதானால் கொஞ்சம் தள்ளி நின்று, செருப்புத் தெரிகிற மாதிரிப் பிடியுங்கள்.

ஒத்திகைக்குச் சைக்கிள் வேண்டுமென்றால் என்னுடையதை வந்து எடுத்துப் போகலாம். டைனமோ இன்னும் வேலை செய்கிறது. பின் சில்லுக்கு மட்டும் காற்று அடிக்க வேண்டும்.